இரண்டு பழைய மெஷினில் க்ளஸ்டர்: ஆன்சிபிள் எதற்கு?

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 16

ஆபீஸில் இரண்டு பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. இரண்டிலும் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரு மெஷினுக்குள் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு க்ளஸ்டர் (ஒன்றாக இயங்கும் மெஷின் கூட்டம்) ஆக்கினால் ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும்தானே? யாரைக் கேட்டாலும் ஆன்சிபிள் கற்றுக்கொள், மெஷின் அமைப்புகளைக் கோப்பில் எழுதிவைத்துத் தானாகப் போடும் கருவி அது என்கிறார்கள். இரண்டே மெஷினுக்கு அது எதற்கு? ப்ராக்ஸ்மாக்ஸின் வெப் பக்கத்தில் நாலு க்ளிக்கில் முடிகிற வேலை.

2025 ஆகஸ்ட் 17

தாங்காது. ஒரே மெஷினை விட மோசமாகவும் போகலாம்.

க்ளஸ்டரில் ஒவ்வொரு நோடுக்கும், அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும், ஒரு ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால்தான் குவோரம், அதாவது முடிவெடுக்கும் பெரும்பான்மை. இரண்டு நோடு என்றால் பாதிக்கு மேல் என்பது இரண்டேதான். ஒன்று போனால் மிச்சம் இருப்பது ஒரு ஓட்டு, அதற்குத் தனியாக முடிவெடுக்கும் உரிமை இல்லை. மூன்று நோடு இருந்தால் ஒன்றை இழக்கலாம். நாலு இருந்தாலும் ஒன்றைத்தான் இழக்கலாம். இது நோடுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் கோரோசிங்க் என்ற மென்பொருள் போடும் கணக்கு, ப்ராக்ஸ்மாக்ஸ் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

நான் கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறைக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறேன். 2023 ஜூலையில் உங்களைப் போலவே இரண்டு மெஷினில் ஆரம்பித்தேன். ஆகஸ்டில் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தது. ஒரு மெஷின் எழுந்தது, மற்றது எழவில்லை. எழுந்த மெஷினிலேதான் வருகைப்பதிவு வி.எம். (மெய்நிகர் மெஷின்) இருந்தது, டிஸ்க்கும் நன்றாக இருந்தது, ஆனால் ஸ்டார்ட் கொடுத்தால் க்ளஸ்டர் தயாரில்லை, குவோரம் இல்லை என்று திருப்பி அனுப்பியது. காலை 8 மணி ஷிப்டுக்கு ஆட்கள் கேட்டில் நிற்கிறார்கள். வாட்ச்மேன் போனில் "சாருங்க, விரல் வெச்சா எடுக்க மாட்டேங்குதுங்க" என்கிறார். பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1 என்ற கட்டளையை எங்கிருந்தோ தேடி எடுத்து ஓட்டிய பிறகுதான் கிளம்பியது. ஒரு ஓட்டே போதும் என்று க்ளஸ்டரிடம் சொல்லும் கட்டளை அது. மற்ற மெஷின் நிஜமாகவே அணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மட்டும் ஓட்டுங்கள். அது எங்கோ உயிரோடு இருந்து, ஒரே வி.எம். இரண்டு பக்கமும் ஓடினால் டேட்டா கெட்டுவிடும்.

2025 ஆகஸ்ட் 17, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். குவோரம் போனதும் எல்லாம் நின்றுவிடும் என்று தொனிக்கிறது. அப்படி இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வி.எம். ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக எதையும் கிளப்ப முடியாது, எந்த அமைப்பையும் மாற்ற முடியாது. க்ளஸ்டரின் எல்லா அமைப்பும் இடிசி-க்குள் பிவிஇ என்ற ஃபோல்டரில் இருக்கிறது, எல்லா நோடுக்கும் பொதுவானது. குவோரம் போனதும் அது படிக்க மட்டும் என்று பூட்டிக்கொள்ளும்.

எச்ஏ, அதாவது ஒரு நோடு போனால் அதன் வி.எம்.மை இன்னொன்றில் தானாக எழுப்பும் வசதி, போட்டிருந்தால் கதை வேறு. குவோரம் இழந்த நோடு சுமார் 60 வினாடி பார்க்கும், பிறகு வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அதைத் தானே ரீபூட் செய்துவிடும். அந்த வி.எம்.மை இன்னொரு நோடு எடுத்து ஓட்டும் முன், இது நிச்சயமாக விட்டுவிட்டது என்று உறுதி வேண்டுமே, அதற்காக.

2025 ஆகஸ்ட் 20

மூன்றாவது ஓட்டுக்கு முழு மெஷின் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். க்யூ டிவைஸ் என்று ஒன்று உண்டு. க்ளஸ்டருக்கு வெளியே ஏதாவது ஒரு லினக்ஸ் பெட்டியில் கோரோசிங்க் க்யூநெட்டி என்ற சின்ன சேவையைப் போட்டுவிட்டால் அது ஓட்டு மட்டும் போடும், வி.எம். எதுவும் ஓட்டாது. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை தாராளம். உங்கள் நிலைமைக்கு அதுதான் சரி.

நானும் கொஞ்சநாள் அப்படித்தான் வைத்திருந்தேன். 2024-ல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலாம் தலைமுறை ஐ5 ஒன்று செகண்ட்ஹேண்டில் கிடைத்ததும் அதை மூன்றாவது நோடு ஆக்கினேன். மற்ற இரண்டும் எட்டாம் தலைமுறை. மூன்றிலும் 32 ஜிபி ராம்.

மூன்று ஓட்டு வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நினைத்தேன். மூன்று நோடும் யூபிஎஸ்ஸில் இருந்தன. அவற்றை இணைக்கும் ஸ்விட்ச் சுவரில் சாதாரண பிளக் பாயிண்டில் இருந்தது. கரண்ட் போனதும் ஸ்விட்ச் அணைந்தது. ஒவ்வொரு நோடும் தான் மட்டும் தனியாக இருப்பதாகப் பார்த்தது, மூன்றில் ஒரு ஓட்டு. எச்ஏ வி.எம். வைத்திருந்த இரண்டு நோடும் ஒரு நிமிடத்தில் ரீபூட் ஆகிவிட்டன. யூபிஎஸ்ஸில் பேட்டரி முழுசாக இருக்கிறது, மெஷின்கள் நன்றாக இருக்கின்றன, சேவை மட்டும் இல்லை. 8 போர்ட் ஸ்விட்ச், அதன் வயரை ஒன்றரை அடி நகர்த்தியதோடு தீர்ந்தது. உங்கள் ராஸ்பெர்ரி பையை எங்கே செருகுகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

2025 ஆகஸ்ட் 24

இப்போது நாலு க்ளிக் விஷயம்.

க்ளஸ்டர் சேர்ப்பது நாலு க்ளிக்தான், மறுக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நோடிலும் கையால் செய்கிற வேலைகள் இருக்கின்றன. சந்தா இல்லாதவர்கள் அப்டேட் வரும் இடமான ரெபோவை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அப்டேட் 401 பிழையில் நிற்கும். நேரம் ஒத்திசைவு, வி.எம்.களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ், மெயில் எச்சரிக்கை, தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்எச் சாவி, யூபிஎஸ் தகவல், டிஸ்க் பெயர்கள். முதல் மெஷினில் ஆர்வமாகச் செய்வோம். இரண்டாவதில் முக்கால்வாசி. ஒரு வருஷம் கழித்து மூன்றாவது வரும்போது, முன்பு என்ன செய்தோம் என்றே ஞாபகம் இருக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் நோடில் ஒரு வி.எம். மாதத்துக்கு ஒருமுறை தானாகச் செத்துப்போகும். ராம் தீர்ந்துவிட்டது என்று கர்னல் அதைக் கொன்றிருக்கும். அதே வி.எம்.மை மூன்றாவது நோடுக்கு மாற்றினால் வாரக்கணக்கில் ஓடும். ராம் குச்சியை மாற்றிப் பார்த்தேன், மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓட்டினேன். காரணம் அதுவல்ல. டிஸ்க்கை நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு தன் கேஷுக்கு (ராமில் வைக்கும் தற்காலிகப் பிரதி) வழக்கமாக ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும், 32-ல் 16 ஜிபி. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1-லிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்தால் அந்த வரம்பை ராமில் 10 சதவீதமாகக் குறைத்தே போடுகிறது. முதல் இரண்டு நோடும் 8.0-ல் போட்டது, பிறகு அப்டேட் செய்தது. அப்டேட் பழைய வரம்பைத் தொடாது. மூன்றாவது நோடு 8.2-ல் போட்டது. வெப் பக்கத்தில் மூன்றும் ஒரே வெர்ஷன் எண்ணைக் காட்டுகின்றன, உள்ளே ஒன்று 16 ஜிபி கேட்கிறது, இன்னொன்று 3 ஜிபி.

இரண்டாவது நோடு ஏன் சாகவில்லை? அதில் எப்போதோ நான் கையால் வரம்பு போட்டிருக்கிறேன். போட்டது ஞாபகமே இல்லை.

ஆன்சிபிளுக்கு நான் வந்தது அன்றைக்குத்தான். இரண்டு மெஷினுக்கே அது தேவை என்று அடித்துச் சொல்வேன்.

2025 ஆகஸ்ட் 25

ஒருவர் கேட்டதற்கு: ஆன்சிபிளுக்காக நோடில் தனியாக ஏஜென்ட் (உதவி மென்பொருள்) எதுவும் போட வேண்டாம். எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் போதும். ப்ராக்ஸ்மாக்ஸ் டெபியன் லினக்ஸ் மேல் கட்டியது, இரண்டும் அதில் இருக்கும்.

ஆன்சிபிளை எங்கிருந்து ஓட்டுவது? நான் முதலில் க்ளஸ்டருக்குள்ளேயே ஒரு வி.எம்.மில் வைத்திருந்தேன். க்ளஸ்டர் படுத்த அன்று அதைச் சரிசெய்யும் கோப்புகளும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. இப்போது லேப்டாப்பில் இருக்கிறது, கிட் (கோப்பு மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) வழியாக வெளியே இன்னொரு பிரதி.

2025 ஆகஸ்ட் 31

எப்படி அடுக்கி வைத்திருக்கிறேன் என்று எழுதச் சொன்னீர்கள். கொஞ்சம் நீளம்.

அடியில் இன்ஸ்டாலேஷன். 8.2-லிருந்து ப்ராக்ஸ்மாக்ஸுக்கே தானியங்கி இன்ஸ்டால் வசதி இருக்கிறது. பதில் கோப்பு ஒன்றில் டிஸ்க், நேர மண்டலம், ரூட் பாஸ்வேர்டு, நெட்வொர்க் எல்லாம் எழுதி ஐஎஸ்ஓவுக்குள் சேர்த்து பென் டிரைவ் செய்துவிடலாம். செருகி பூட் செய்தால் கேள்வி கேட்காமல் போட்டு முடிக்கும். எந்த டிஸ்க்கை அழிக்கிறது என்பதை மூன்று முறை பாருங்கள், அது உங்களிடம் கேட்காது.

அதன் மேல் ஆன்சிபிள். இன்வென்டரியில், அதாவது மெஷின் பட்டியலில், மூன்று நோடு. எல்லோருக்கும் பொதுவான மதிப்புகள் ஒரு கோப்பில், ஒவ்வொரு நோடுக்கும் மட்டும் உரியவை அதனதன் கோப்பில். பாஸ்வேர்டு எல்லாம் ஆன்சிபிள் வால்ட் என்ற பூட்டிய கோப்பில். அந்தப் பொதுக் கோப்பில்தான் இப்போது இசட்எஃப்எஸ் வரம்பு ஒரே ஒரு வரியாக இருக்கிறது: 4 ஜிபி. மூன்று நோடுக்கும் அதேதான்.

ஆன்சிபிளின் அழகு, ஒரே ப்ளேபுக்கை (செய்ய வேண்டிய வேலைகளை எழுதிய கோப்பு) பத்து முறை ஓட்டினாலும் ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாது. ஆனால் ஷெல் கட்டளையை அப்படியே எழுதினால் அந்தக் குணம் போய்விடும், ஒவ்வொரு முறையும் ஓடும். க்ளஸ்டரில் சேர்க்கும் கட்டளைக்கு நான் ஒரு காவல் வைத்திருக்கிறேன்: கோரோசிங்க் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்தப் பக்கமே போகாதே. சேரப்போகும் நோடில் வி.எம். எதுவும் இருக்கக் கூடாது என்பதும் விதி. சேர்ந்த பிறகு ஹோஸ்ட்நேமை மாற்ற நினைக்காதீர்கள், பெயரை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அந்த பிவிஇ ஃபோல்டருக்குள் சாதாரணக் கோப்பு போல ஆன்சிபிளால் எழுதப் போகாதீர்கள். அது நிஜ டிஸ்க் அல்ல, அனுமதி மாற்றுவதை ஏற்காது. ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்தக் கட்டளைகள் வழியாகவே செய்யுங்கள், அதுவும் ஒரு நோடில் மட்டும். மற்றவற்றுக்குத் தானே போய்ச் சேரும்.

இனி நான் செய்த பெரிய தப்பு. நெட்வொர்க் கோப்பை டெம்ப்ளேட்டாக்கி மூன்று நோடுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். நெட்வொர்க் கார்டின் பெயர் மூன்றிலும் ஒன்றே என்று நினைத்திருந்தேன். இரண்டாவது நோடில் அதற்கு முந்தைய மாதம் ஒரு என்விஎம்இ டிஸ்க் சேர்த்திருந்தேன். பிசிஐ வரிசை ஒரு எண் தள்ளிப்போய், கார்டின் பெயரும் மாறியிருந்தது. ப்ளேபுக் பச்சையாக முடிந்தது, நோடு காணாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், மானிட்டர் செருகிச் சரிசெய்தேன்.

இப்போது இரண்டு பழக்கம். கார்டின் மேக் முகவரியை வைத்துப் பெயரை நிலையாகக் கட்டிவிட்டேன், இனி எந்த ஸ்லாட்டில் எது வந்தாலும் பெயர் மாறாது. ப்ளேபுக்கில் சீரியல் 1 போட்டிருக்கிறேன். ஒரு நோடு முடிந்து, குவோரம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த நோடைத் தொடும். முதலில், எதையும் மாற்றாமல் வித்தியாசத்தை மட்டும் காட்டும் செக், டிஃப் இரண்டும் சேர்த்து ஓட்டி, என்ன மாறப்போகிறது என்று வரிவரியாகப் படிக்கிறேன்.

2025 செப்டம்பர் 2

ப்ளேபுக்கில் கோப்பு அனுமதியை எப்போதும் மேற்கோளுக்குள், முன்னால் பூஜ்ஜியத்தோடு எழுதுங்கள். 644 என்று வெறும் எண்ணாக விட்டால் அதைப் பத்தடி எண்ணாக எடுத்துக்கொண்டு, எட்டடியில் 1204 ஆக்கிவிடும். எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு ஒன்று இதனால் படிக்க முடியாமல் போய் ஒரு சாயங்காலம் போனது.

2025 செப்டம்பர் 7

வி.எம். டெம்ப்ளேட் பற்றி. உபுண்டு லினக்ஸின் க்ளவுட் இமேஜை (தயாராக இன்ஸ்டால் செய்த பிரதி) எடுத்து, க்ளவுட் இனிட் டிரைவ் சேர்த்து டெம்ப்ளேட் ஆக்கிவிட்டால் புது வி.எம். இரண்டு நிமிடம். ஹோஸ்ட்நேம், ஐபி, சாவி எல்லாம் முதல் பூட்டில் தானே ஏறிக்கொள்ளும்.

அந்த டெம்ப்ளேட்டை ஒருமுறை பூட் செய்து, நமக்கு வேண்டியதைப் போட்டு, அப்படியே குளோன் எடுப்பவர்கள் மெஷின் ஐடி கோப்பைக் காலி செய்யாமல் விடக் கூடாது. நான் விட்டேன். நாலு குளோன், நாலு வேறு மேக் முகவரி, ஆனால் ஐபி முகவரி பங்கிடும் டிஎச்சிபி நாலுக்கும் ஒரே ஐபி கொடுத்தது. உபுண்டு தன் அடையாளமாக மேக்கை அனுப்புவதில்லை, மெஷின் ஐடியிலிருந்து ஒன்றை உருவாக்கி அனுப்புகிறது. ரவுட்டரைச் சந்தேகப்பட்டு அதை ரீசெட் வரை செய்துவிட்டேன், அதன் மேல் எந்தத் தப்பும் இல்லை.

வி.எம்.களைக் கோப்பிலிருந்து உருவாக்கும் டெர்ராஃபார்ம் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். போட்டுப் பார்த்தேன். 2023 ஆகஸ்டில் அதன் உரிமம் மாறிய பிறகு அதிலிருந்து பிரிந்த ஓபன்டோஃபுவும் இதே வேலை செய்யும். எது இருக்கிறது என்பதைத் தனி ஸ்டேட் கோப்பில் நினைவு வைத்துக்கொள்கிற கருவி அது. என்னிடம் மொத்தம் 11 வி.எம். அவசரத்தில் வெப் பக்கத்தில் ஒன்றுக்கு ராம் கூட்டினால், அடுத்த முறை அது பழையபடி குறைக்கப் பார்க்கிறது. கைவிட்டேன்.

2025 செப்டம்பர் 9

மேலே எழுதியது நியாயமில்லை. கையால் மாற்றியதைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கருவியின் குறை அல்லவே, அதற்காகத்தானே அது இருக்கிறது. 30, 40 வி.எம். இருந்தால், வாரம் இரண்டு பிறந்து இரண்டு சாகும் இடமானால், கட்டாயம் வேண்டும். 11-க்கு ஆன்சிபிளே போதும் என்பது மட்டும்தான் என் கட்சி.

2025 செப்டம்பர் 14

ஸ்டோரேஜ். செஃப் (பல நோடின் டிஸ்க்குகளை ஒன்றாக்கும் அமைப்பு) வேண்டாம். குறைந்தது மூன்று நோடு, தனியாக 10 ஜிபிபிஎஸ் நெட்வொர்க், கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் ரக எஸ்எஸ்டி, இவை இல்லாமல் அது தவழும். நம் பழைய டெஸ்க்டாப்புக்கு இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் சரி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்களை மட்டும் இன்னொரு நோடுக்கு அனுப்பும். எல்லா நோடிலும் ஸ்டோரேஜ் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். நோடு திடீரெனச் செத்தால் கடைசியாக அனுப்பியதற்குப் பிறகு எழுதியது போய்விடும். டாலி இருக்கும் வி.எம்.முக்கு மட்டும் 5 நிமிடம் வைத்திருக்கிறேன். கணக்குப் பார்க்கும் அம்மாவிடம் நேராகவே கேட்டேன், ஐந்து நிமிட என்ட்ரி போனால் திரும்பப் போடுவேன், அரை மணி நேரம் போனால் முடியாது என்றார்.

ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு அங்கேயும் அழிந்து போய்ச் சேரும். பேக்கப்புக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை க்ளஸ்டருக்கு வெளியே தனி மெஷினில் வைத்திருக்கிறேன்.

2025 செப்டம்பர் 15

மறந்துவிட்டேன். பேக்கப் ஓடும் அதே வயரில் கோரோசிங்க்கும் ஓடினால், ராத்திரி 11 மணிக்கு நோடுகள் ஒன்றையொன்று காணாமல் தேடும். கோரோசிங்க்குக்கு வேகம் வேண்டாம், தாமதம்தான் கூடாது. ஒவ்வொரு நோடிலும் யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் ஒன்று செருகி, இன்னொரு சின்ன ஸ்விட்ச் வைத்து, அதைத் தனிப் பாதை ஆக்கினேன். பழைய பாதை இரண்டாவது லிங்க்காக இருக்கிறது. இப்போது ஒரு ஸ்விட்ச் போனாலும் குவோரம் போகாது.

2025 செப்டம்பர் 21

வெவ்வேறு தலைமுறை சிபியு கலந்து வைப்பவர்களுக்கு: வி.எம்.மின் சிபியு ரகத்தை ஹோஸ்ட் என்று வைக்காதீர்கள். எட்டாம் தலைமுறையில் ஓடிய வி.எம். நாலாம் தலைமுறைக்கு லைவாக நகர்ந்ததும் உறைந்து நின்றது. புதிய சிபியு தரும் கட்டளைகளைப் பழையதிடம் கேட்டால் அது எங்கே போகும்? 8.0-லிருந்து வெப் பக்கம் தானாகப் போடும் எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் போதும். பழைய வி.எம்.களில் கையால் மாற்றி, அணைத்து, திரும்பக் கிளப்ப வேண்டும்.

2025 அக்டோபர் 2

நேற்று ஆயுத பூஜை. லேத்துக்குச் சந்தனம் வைத்த கையோடு சர்வர் ரேக்குக்கும் பொட்டு வைத்துவிட்டார்கள். இன்று பட்டறை விடுமுறை. நெடுநாளாகச் செய்ய நினைத்ததைச் செய்தேன்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது நோடை முழுக்க அழித்து, கோப்புகளிலிருந்து மட்டும் திரும்பக் கட்டினேன்.

வி.எம்.களை நகர்த்தி, ரெப்ளிகேஷன் வேலைகளை நீக்கி, நோடை அணைத்துவிட்டு, மற்ற நோடிலிருந்து அதை க்ளஸ்டரை விட்டு எடுத்தேன். எடுத்த நோடு பழைய டிஸ்க்கோடு திரும்ப நெட்வொர்க்கில் எழக் கூடாது, க்ளஸ்டர் குழம்பும். பென் டிரைவில் பூட் செய்து இன்ஸ்டால், பிறகு ப்ளேபுக். பென் டிரைவ் செருகியதிலிருந்து வி.எம்.கள் வீடு திரும்பும் வரை 1 மணி 50 நிமிடம். சேர்ப்பதை மட்டும் பாஸ்வேர்டு கேட்டபோது கையால் தட்டினேன்.

விடுபட்டவை மூன்று. யூபிஎஸ் பேட்டரி குறைந்தால் நோடை ஒழுங்காக அணைக்கும் நட் அமைப்பு, இது எந்த ப்ளேபுக்கிலும் இல்லை, 2023-ல் கையால் செய்தது. ரூட் ஃபோல்டருக்குள் கிடந்த வெப்பநிலை எச்சரிக்கை ஸ்கிரிப்ட், கோவை வெயிலில் ஏப்ரல், மே மாதம் அதுதான் என்னைக் காப்பாற்றும். மூன்றாவது, அதே பெயரில் புது நோடு வந்ததால் பழைய எஸ்எஸ்எச் சாவியின் தடம் மற்ற நோடுகளில் நின்று மைக்ரேஷனை மறுத்தது. பிவிஇசிஎம் அப்டேட்சர்ட்ஸ் ஓட்டிய பிறகு விட்டது.

மூன்றையும் ப்ளேபுக்கில் சேர்த்துவிட்டேன். வெளியே நிற்பது ஒன்று, பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக எழுவதற்கான அமைப்பு. அதை ஆன்சிபிள் தொட முடியாது. இன்வென்டரியில் ஒவ்வொரு நோடின் பெயருக்கு மேலும் குறிப்பாக எழுதி, தேதி போட்டிருக்கிறேன்.

2025 அக்டோபர் 5

ஆகஸ்ட் 24 அன்று இரண்டு மெஷினுக்கே ஆன்சிபிள் தேவை என்று அடித்துச் சொன்னேன். இப்போது அதில் பாதியைத் திருத்துகிறேன். கையால் செய்த ஒவ்வொன்றையும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதிவைத்து, அதை மட்டும் பார்த்து ஒரு நோடைத் திரும்பக் கட்ட முடிகிறதென்றால் உங்களுக்கு ஆன்சிபிள் அவசரம் இல்லை. என்னால் அப்படி எழுத முடியவில்லை. ராத்திரி 2 மணிக்குச் சரிசெய்ததைக் காலையில் எழுதிவைக்க எனக்குத் தோன்றியதே இல்லை. ப்ளேபுக் வழியாகத்தான் சரிசெய்வது என்றானபோது எழுதுவதும் செய்வதும் ஒரே வேலையானது.

உங்கள் ராஸ்பெர்ரி பை ஓட்டு போடத் தொடங்கியது என்று எழுதியிருந்தீர்கள். இனி டாலியை நகர்த்தும் முன், ஆட்கள் இல்லாத நேரத்தில் ஒரு நோடின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். எச்ஏ அந்த வி.எம்.மை மற்ற நோடில் எழுப்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும், பதறாதீர்கள்.

2025 அக்டோபர் 23

நேற்று ராத்திரி மழையில் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. யூபிஎஸ் 40 நிமிடம் தாங்கியது. பிறகு நட் மூன்று நோடையும் ஒவ்வொன்றாக அணைத்தது. அதிகாலை 4 மணிக்குக் கரண்ட் வந்ததும் மூன்றும் தானே எழுந்திருக்கின்றன. இரண்டு நோடு வந்தவுடன் குவோரம் கிடைத்து வி.எம்.கள் கிளம்பியிருக்கின்றன. 8 மணி ஷிப்டுக்குக் கேட்டில் விரல் எடுத்தது, எனக்குப் போன் வரவில்லை.

ஒன்றே ஒன்று. டாலி வி.எம். எழுந்தபோது ஃபைல் சர்வர் வி.எம். இன்னும் எழவில்லை, அதனால் டாலி டேட்டா ஃபோல்டரைக் காணவில்லை என்று நின்றிருந்தது. வி.எம்.களுக்கு எழும் வரிசை கொடுக்கலாம், ஆனால் என் 8.4-ல் எச்ஏ பொறுப்பில் உள்ள வி.எம்.களுக்கு அந்த வரிசை செல்லாது. இவை இரண்டும் எச்ஏவில் இருக்கின்றன. ஆகவே ஃபைல் சர்வர் பதில் சொல்லும் வரை காத்திருந்து டாலியைக் கிளப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை டாலி வி.எம்.முக்குள் வைத்தேன். ப்ளேபுக் வழியாகத்தான் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வி.எம்.மையும் அணைத்துத் தலைகீழ் வரிசையில் எழுப்பிப் பார்க்கப்போகிறேன்.